எழுத்தெண்ணச் சி, ஏடு புரட்டப் பைத்தான்

கட்டளைக் கலித்துறை என்ற செய்யுள் வகையில் அடிக்கு இத்தனை எழுத்து என்று கணக்கு உண்டு. அடி நேரசையில் (ஒற்று நீங்கலாக ஓரெழுத்து அசை) தொடங்கினால் ஒற்று, அதாவது புள்ளி வைத்த மெய், நீக்கி 16, நிரையசையில் (ஈரெழுத்து அசை) தொடங்கினால் 17. இதைச் சரிபார்க்கச் சில ஆண்டுகளுக்கு முன் சி என்ற நிரல் மொழியில் ஒரு சிறு செயற்கூறு (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) எழுதி வைத்திருந்தேன். அபிராமி அந்தாதியின் 100 பாடல்களையும் அதில் ஓட்டிப் பார்க்க இப்போது ஆசை வந்தது. கோப்பைத் திறப்பது, அடி பிரிப்பது, அட்டவணை போடுவது எல்லாம் பைத்தான் என்ற இன்னொரு நிரல் மொழியில் சுலபம். எண்ணும் வேலையைப் பழைய சி நிரலிடமே விட்டுவிட முடிவு செய்தேன். நன்றாக ஓடுகிற நிரலைத் திரும்ப எழுத எனக்கு மனம் வருவதில்லை.

சி நிரலின் வேலை எளிது. எழுத்துகளைப் பைட்டுகளாக, அதாவது 0 முதல் 255 வரையான எண்களாக, சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். உயிரோ அகரமேறிய மெய்யோ வந்தால் ஒன்று கூட்ட வேண்டும். கால், கொம்பு, கொக்கி வந்தால் தாண்டிப் போக வேண்டும். புள்ளி வந்தால் கூட்டியதில் ஒன்றைக் கழிக்க வேண்டும். புள்ளியின் பைட்டுகள் 224, 175, 141. ஒற்று நீக்கிய எண்ணிக்கை இதிலேயே கிடைத்துவிடும்.

நிரலை ஷேர்ட் லைப்ரரியாக (பிற நிரல்கள் அழைக்கக்கூடிய கோப்பாக) கம்பைல் செய்து, சி செயற்கூறுகளை அழைக்க உதவும் பைத்தானின் சிடைப்ஸ் வழியாக ஏற்றினேன். 2006இல் வந்த பைத்தான் 2.5 முதலே சிடைப்ஸ் கூடவே வருகிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. 'உதிக்கின்ற செங்கதிர் உச்சித் திலகம் உணர்வுடையோர்' என்ற முதல் அடியைக் கொடுத்தேன். விடை 0.

சி பக்கம் வந்து சேர்ந்த பைட்டுகளை ஒவ்வொன்றாக அச்சிட்டுப் பார்த்தேன். 'உ' என்பதற்கு 224, 174, 137 வந்திருக்க வேண்டும். வந்ததோ 137, 11, அடுத்து 0. அப்போதுதான் புரிந்தது. 'உ' என்பதன் யூனிகோடு எண் 2953. அதாவது 11 பெருக்கல் 256, கூட்டல் 137. பைத்தான் சரத்தை (எழுத்துத் தொடரை) அப்படியே கொடுத்ததால் சிடைப்ஸ் அதை எழுத்துக்கு நான்கு பைட் வீதம் அனுப்பியிருக்கிறது (என் கணினியில் லினக்ஸ்). சி மொழிக்கு 0 வந்தால் சரம் முடிந்தது என்று பொருள். முதல் எழுத்தைக்கூட முழுதாகப் படிக்காமல் அது திரும்பிவிட்டது. யூடிஎஃப்-8 பைட்டுகளாக மாற்றி அனுப்பியதும் 17 வந்தது. 'உதிக்' நிரையசை, கணக்குச் சரி.

அடுத்து, ஒற்றெல்லாம் நீக்கிய அடியைத் திருப்பித் தரும் இன்னொரு செயற்கூறு. இதில் இரண்டு மாலைகள் போயின. சரம் வர வேண்டிய இடத்தில் ஒரு கழித்தல் எண் வந்தது. அதையே நினைவக முகவரியாகக் கொண்டு படிக்கச் சொன்னதும் நிரல் செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத நினைவக இடத்தைத் தொட்ட பிழை) என்று சொல்லி விழுந்தது. திரும்பி வருவது என்ன வகை என்று நாம் சொல்லாவிட்டால் சிடைப்ஸ் அதை 32 பிட் முழு எண் என்றே எடுத்துக்கொள்ளும். சி திருப்பித் தருவதோ சரம் இருக்கும் இடத்தின் 64 பிட் முகவரியை. அதன் மேல் பாதி வெட்டுப்பட்டுவிடுகிறது. இரு மொழிகளின் எல்லையில் நிற்கும் அந்த வகை அறிவிப்பைத் தவிர்க்கவே முடியாது.

வகையைச் சரம் என்று அறிவித்தேன். அடி சரியாக வந்தது, ஆனால் சிடைப்ஸ் அதை உடனே பைத்தான் பைட்டுகளாக மாற்றிவிடுவதால் மூல முகவரி கையை விட்டுப் போனது. சி ஒதுக்கிய நினைவகத்தை விடுவிக்க வழி இல்லை. 400 அடிக்கு அது பெரிய அளவு இல்லைதான். இருந்தாலும் வாங்கிய இடத்தைத் திருப்பித் தராமல் விட எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே வெறும் முகவரியாக வாங்கி, படித்துவிட்டு, சி பக்கமே எழுதிய விடுவிப்புச் செயற்கூறிடம் ஒப்படைக்கிறேன். அதற்கும் உள்ளீட்டு வகையை அறிவிக்க வேண்டும். இல்லையென்றால் போகும் வழியிலும் முகவரி வெட்டுப்படும்.

நேற்று இரவு 100 பாடல்களும் ஓடின. ஆறாம் பாடலின் முதல் அடி நேரசை. 16 வர வேண்டும், 17 வந்தது. நிரலைத்தான் முதலில் சந்தேகித்தேன். என் கோப்பில் 'சென்னியது உன் பொன்' என்று சொல் பிரித்து இருந்தது. 'சென்னிய துன்பொற் றிருவடித் தாமரை சிந்தையுள்ளே' என்று சந்தி சேர்த்துக் கொடுத்தேன். 16. இப்படிப் பிரித்து அச்சிட்ட அடிகள் இன்னும் நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.