இடது ஓரத்தில் குனிந்திருப்பவர்

ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய புகைப்படமொன்றை அனுப்பி, அதற்கு இரண்டு வரியில் விளக்கம் எழுதித் தரும்படி எமது கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க்குழுவினர் கேட்டிருந்தார்கள். 1976இல் கொழும்பில் நடந்த பாடசாலைகளுக்கிடையிலான டென்னிஸ் போட்டியில், இரவல் வாங்கிய வெள்ளைக் காற்சட்டையோடு, நான் சேர்வ் போடக் கையை உயர்த்தி நிற்கும் படம் அது. "நடுவில் நிற்பவர் எமது கல்லூரி கண்ட தலைசிறந்த டென்னிஸ் வீரர்" என்று அவர்களே எழுதிவிட்டு, "இடது ஓரத்தில் குனிந்திருப்பவர் பந்து பொறுக்கும் பணியாள் போலிருக்கிறது, வெட்டிவிடலாமா?" என்று கேட்டிருந்தார்கள். கேட்டவர் எனக்கு இருபது ஆண்டுகள் பிந்திப் படித்தவர்; அவரில் பிழை சொல்ல முடியாது. அதே கிழமையில்தான் நமது கணித சேர் தமது 91ஆவது வயதில் திருகோணமலையில் காலமானார் என்ற செய்தியும் வந்தது. வெட்ட வேண்டாம், குனிந்திருப்பவர் அவர்தான் என்று மட்டும் பதில் எழுதினேன். மிகுதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் "தலைசிறந்த" என்ற சொல்லைப் பற்றி. நம் காலத்தில் கல்லூரியில் டென்னிஸ் ஆடியவர்கள் ஏழு பேர், மட்டைகள் நான்கு. கால் பலமுள்ளவன் உதைபந்தாட்டத்துக்கும் தோள் பலமுள்ளவன் கிரிக்கெட்டுக்கும் போய்ச் சேர்ந்த பிறகு எஞ்சியவர்களை வைத்தே சேர் அணி சேர்த்தார். அந்த ஏழு பேரில் முதலாவதாக வந்தவன் என்ற அளவில் அந்தப் பட்டத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

சேரின் தகப்பனார் திருகோணமலைத் துறைமுகத்தில் பிரித்தானியக் கடற்படையிடம் வேலை பார்த்தவர். சிறுவனாக இருந்தபோது சேர், கடற்படை அதிகாரிகள் மாலையில் ஆடும் மைதானத்தில் சில சதங்களுக்காகப் பந்து பொறுக்கியிருக்கிறார். பந்தை எறியாமல் தரையோடு உருட்டுவது, ஆடுபவரின் கண்ணில் படாமல் நிற்பது, சேர்வ் போடுபவருக்கு இரண்டு பந்துகளுக்கு மேல் கொடுக்காமலிருப்பது என்று அந்த வேலைக்குரிய ஒழுங்கையெல்லாம் கற்றுக்கொண்டதோடு, அவர்கள் பந்தை அடிக்கும்போது தோளும் இடுப்பும் எப்படித் திரும்புகின்றன என்பதையும் வலைக்கம்பத்தின் அருகே குந்தியிருந்து பார்த்து மனத்தில் ஏற்றிக்கொண்டார். 1957இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டபோது, ஊருக்குத் திரும்பிய அதிகாரி ஒருவர் விட்டுச்சென்ற மரமட்டைதான் அவருடைய ஒரே சொத்து. தம் வாழ்நாளில் ஒரு போட்டியிலேனும் அவர் ஆடியதில்லை. ஆட எவரும் அவரை அழைக்கவுமில்லை.

சனிக்கிழமைகளில் கோடு போடுவதை மறந்தவர்கள் இருக்கமாட்டார்கள். இரவில் வந்து படுத்துவிட்டுப் போன மான்களின் புழுக்கையைக் கூட்டித் தள்ளிய பின்னர்தான் கயிறும் முளையும் சுண்ணாம்பு வாளியும் வெளியே வரும். அகலம் 27 அடி, வலையிலிருந்து பின்கோடு வரை 39 அடி. மூலை செங்கோணமாக இருக்கவேண்டுமானால் மூலைவிட்டம் எத்தனை அடி என்று கேட்பார். 47 அடி 5 அங்குலம் என்று சரியாகச் சொன்னவனுக்கே அன்று முதலில் மட்டை கிடைக்கும். பைதகரஸ் தேற்றத்தை நான் வகுப்பறையில் கற்கவில்லை. வலையின் நடுப்பகுதி மூன்று அடி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அவர் அளவுநாடா கொண்டுவந்ததுமில்லை: ஒரு மட்டையை நிமிர்த்தி நிறுத்தினால் 27 அங்குலம், அதன் மேல் இன்னொரு மட்டையின் தலையைக் குறுக்கே வைத்தால் 9 அங்குலம், ஆக 36. இன்றைய மட்டைகளுக்குத் தலை பெருத்துவிட்டது. இந்தக் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது.

கடற்காற்று மட்டையின் பகைவன். ஈரத்தில் மரம் வளையாமலிருக்க, நான்கு மூலையிலும் திருகாணி பூட்டிய பலகைச் சட்டத்துக்குள் அதை இறுக்கி வைப்பார். குடல் நரம்பு எங்கள் ஊரில் ஒரு மாரியைக்கூடத் தாங்காது என்பதால் நைலோன்தான் கட்டினார். ஆண்டின் நடுப்பகுதியில் மேற்கேயிருந்து வீசும் கச்சானையோ எந்தச் சட்டத்துக்குள்ளும் அடைக்க முடியாது. "உயர எறிஞ்சா பந்து கச்சானுக்கு, பதிய எறிஞ்சா உமக்கு" என்று சொல்லிச் சொல்லி, நெற்றிக்குச் சற்று மேலேயே பந்தைச் சந்திக்கும் ஒரு சேர்வை எனக்குப் பழக்கினார். பார்ப்பதற்கு அது அழகாக இராது. ஆனால் எதிரில் நிற்பவன் ஆயத்தமாகுமுன் பந்து அவனுடைய காலடிக்குப் போய்விடும்.

இனிக் கொழும்பு. இரவு மெயிலில் வந்து, கோட்டை நிலையக் குழாயில் முகம் கழுவி, வெள்ளை உடை மாற்றிக்கொண்டு நாங்கள் அந்தக் கழகத்துக்குப் போனபோது காலை எட்டு மணி. சேர் வேட்டியும் வெள்ளைச் சேட்டும் அணிந்து, என் தண்ணீர்ப் போத்தலை ஏந்தியபடி வேலியோரமாக நின்றார். பந்து பொறுக்க நியமித்த பையன் வரவில்லை. மேற்பார்வை செய்த ஒருவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, சேரை நோக்கி விரலைச் சொடுக்கி உள்ளே வரும்படி காட்டினார். சேர் ஒருகணம் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றி வாயிலில் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

அதைப்போலச் சீராகப் பந்து பொறுக்கியவரை நான் அதன்பின் எங்கும் கண்டதில்லை, தொலைக்காட்சியில் பார்க்கும் விம்பிள்டன் உட்பட. நாற்பது வயது கடந்த மனிதர், புள்ளிக்குப் புள்ளி ஓசையின்றி ஓடி, குனிந்து, உருட்டி, மீண்டும் சிலைபோல் நின்றார். என் கையில் இரண்டு பந்துகளைத் தந்தபோதெல்லாம் அவருடைய முகத்தைப் பார்க்காமலே வாங்கினேன். முதலாவது செற் முடிந்து பக்கம் மாறுகையில், அதே மேற்பார்வையாளர் கனிவாகவே என்னிடம் கேட்டார், உன்னோடு வந்த ஆசிரியர் எங்கே என்று. சேர் ஐந்தடி தூரத்தில் வலைக்கம்பத்தருகே நின்றார். வெளியே நிற்கிறார் என்று சொன்னேன்.

எனக்கு அப்போது வயது பதினாறு என்று சொல்லிக்கொள்ளலாம். பலமுறை சொல்லியும் பார்த்திருக்கிறேன். அடுத்த பந்தையும் அவர் எப்போதும்போலத் தரையோடு உருட்டித் தந்தார். அந்த ஆட்டத்தில் 6-3, 6-4 என்று வென்றேன். அடுத்த சுற்றில் தோற்றது மலர்க்குழுவினரின் குறிப்பில் இல்லை. திரும்பும் ரயிலில் சோற்றுப் பார்சலைப் பிரித்து எனக்குப் பாதி வைத்தவர், மாகோ தாண்டும் வரையில் என் இரண்டாவது சேர்வில் முழங்கை இறங்குவதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அந்த ஆண்டு ஒரு செற்றைக்கூட இழக்காமல் விம்பிள்டனை வென்ற போர்க்கின் பின்கை அடியைப் பத்திரிகைப் படத்தில் பார்த்து எனக்கு விளக்கியதும் நினைவிருக்கிறது. காலையில் நடந்ததைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பேராதனையில் நான் பல்கலைக்கழக அணிக்கு ஆடியதையும் கலர்ஸ் விருது பெற்றதையும் சங்கத்தின் பழைய இதழ்கள் போதுமான அளவுக்கு மேலாகவே எழுதிவிட்டன. அங்கே கச்சான் இல்லை. காற்றில்லாத இடத்தில் இவன் ஏன் இப்படிக் கூனிக்கொண்டு சேர்வ் போடுகிறான் என்று சிரித்தவர்கள், இரண்டு ஆட்டங்களுக்குப் பின் சிரிப்பதை நிறுத்தினார்கள். 83 ஆடி இனக்கலவரத்துக்குப் பிறகு எல்லோரையும்போல நானும் வெளிக்கிட்டேன். லண்டனில் முதல் ஆறு ஆண்டுகள் மட்டையைத் தொடவில்லை. இரவு வேலைக்காரனுக்கு டென்னிஸ் ஏது?

சமாதான காலத்தில், 2003இல், ஊருக்குப் போயிருந்தேன். சேர் ஓய்வுபெற்றிருந்தார். ஒரு மாலைப்பொழுது இருவரும் கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம்; கோணேசர் மலையில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. இருபத்தேழு ஆண்டுகளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த சொற்களைத் திரட்டி, "சேர், அண்டைக்குக் கொழும்பில…" என்று தொடங்கினேன்.

"ஓம் ஓம்" என்று முகம் மலர்ந்து குறுக்கிட்டார். "அண்டைக்கு எல்லாம் புதுப் பந்து, நீர் கவனிச்சனீரோ? கையில எடுக்கேக்க வாசம் வந்தது. நேவிக்காரரும் எங்களுக்குப் புதுசு தொடக் குடுக்கிறேல்ல."

அதற்குமேல் நான் தொடங்கியதை முடிக்கவில்லை. சற்று நேரங்கழித்து, லண்டனில் தேய்ந்த பந்துகளை என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். எறிந்துவிடுகிறார்கள் என்றேன். பக்கத்து ஒழுங்கைப் பிள்ளைகள் நாலைந்து பேருக்குத் தாம் பின்னேரங்களில் பழக்குவதாகவும், பழசானாலும் பரவாயில்லை, ஒரு பெட்டி கிடைத்தால் நல்லது என்றும் சொன்னார். கட்டாயம் அனுப்புகிறேன் சேர் என்றேன். புதிய பந்துகளாகவே இரண்டு டசின் வாங்கினேன். பிறகு சுனாமி, பிறகு மீண்டும் சண்டை, பிறகு என்னுடைய வழக்கமான பின்போடல். டின்கள் இன்னும் கராஜில், மூடி திறக்கப்படாமல் இருக்கின்றன.