சைடுகார் மாட்டிய புல்லட்: ஏற்காட்டு மலைப்பாதைக்குத் தயார் செய்யும் முறை

சைடுகார் மாட்டிய புல்லட்டை ஏற்காட்டுக்கு ஓட்டிப் போய் வருபவர்கள் பெரும்பாலும் ஒரே புகாரோடுதான் பட்டறைக்கு வருகிறார்கள். "ஏறும்போது இடது பக்கம் இழுக்குது, இறங்கும்போது வலது பக்கம் இழுக்குது, அலைன்மென்ட் போயிடுச்சு." போயிருக்காது. அது அந்த வண்டியின் இயல்பு. நம் ஊரில் சைடுகார், அதாவது ஒற்றைச் சக்கரத்தோடு பக்கவாட்டில் மாட்டும் பெட்டி, இடது பக்கம் இருக்கிறது. தள்ளும் சக்தியோ புல்லட்டின் பின் சக்கரத்தில்தான். த்ராட்டில் கொடுத்தால் புல்லட் முன்னே போகப் பார்க்கும், பெட்டி பின்தங்கும், மூக்கு இடப்பக்கம் திரும்பும். த்ராட்டிலை விட்டால் எல்லாம் தலைகீழ்: பெட்டி முன்னே தள்ளும், மூக்கு வலப்பக்கம் போகும். சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டர். இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். போகும்போது முழுக்க த்ராட்டில், வரும்போது முழுக்க எஞ்சின் பிரேக், அதாவது த்ராட்டிலை விட்டு எஞ்சினாலேயே வேகத்தைக் குறைப்பது. இழுக்காமல் என்ன செய்யும்?

மலையில் இழுத்ததை வைத்து ஸ்பானரை எடுப்பதுதான் பெரிய தப்பு. ஏறும்போது இழுத்த இடது இழுப்பை அட்ஜஸ்ட் செய்து போக்கினால், சமதளத்தில் வண்டி வலப்பக்கம், அதாவது எதிரே வரும் லாரியைப் பார்த்து ஓடும். அலைன்மென்ட்டைச் சமதளத்துக்கு வையுங்கள். ஓமலூர் பக்கம் நேர்ச்சாலையில் 50 கி.மீ. வேகத்தில், ஒரே த்ராட்டிலில், ஹேண்டில்பாரை லேசாகப் பிடித்தாலே நேராகப் போக வேண்டும். அதுதான் அளவுகோல். மலையில் வரும் இழுப்பைக் கைதான் சமாளிக்க வேண்டும்.

இன்னொரு தப்பும் அதே அளவு சகஜம். காலி வண்டியில் அளவெடுப்பது. ஆள் உட்கார்ந்ததும் ஸ்பிரிங் அமுங்கி புல்லட்டின் சாய்வு மாறிவிடும். அதனால் முதல் வேலை, பெட்டியில் பாரம் ஏற்றுவது. 25 கிலோ அரிசிச் சிப்பம் இரண்டு போதும். சக்கரத்தின் ஆக்சிலுக்கு நேர் மேலே, வெளிப்பக்கம் ஒட்டி வைத்துக் கட்டுங்கள். சீட்டில் ஓட்டுபவரே உட்கார வேண்டும், இன்னொருவர் அளவெடுக்க வேண்டும். டயர் காற்று மூன்றிலும் சரியாக இருக்க வேண்டும்.

தரை மட்டமாக இருப்பது அவசியம். மலையில் இருப்பவர்கள் காப்பி காயவைக்கும் களத்தில் வைத்து அளவெடுப்பதுண்டு. பார்க்க மட்டமாகத்தான் தெரியும். ஆனால் தண்ணீர் வடிய வேண்டும் என்று அதற்கு வாட்டம் கொடுத்துத்தான் கட்டியிருப்பார்கள். ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் எந்தத் தரையையும் நம்பாதீர்கள்.

இனி டோ-இன், அதாவது சைடுகார் சக்கரம் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு. 25 மி.மீ. அலுமினிய ஸ்கொயர் டியூப், இரண்டரை மீட்டர் நீளத்தில் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றைப் புல்லட்டின் வலப்பக்கம், செங்கல் மேல் வைத்து, பின் டயரின் முன் விளிம்பும் பின் விளிம்பும் தொடும்படி ஒட்டுங்கள். முன் டயர் மெலிசு என்பதால் அங்கே சந்து விழும். அந்தச் சந்து டயரின் முன்னும் பின்னும் ஒரே அளவாக வரும்வரை ஹேண்டிலை அசைத்து, கயிற்றால் கட்டிவிடுங்கள். இரண்டாவது டியூப் சைடுகார் சக்கரத்தின் வெளிப்பக்கம். இப்போது இரண்டு டியூபுக்கும் நடுவே உள்ள தூரத்தை முன் சக்கரத்துக்கு முன்னால் ஒரு இடத்திலும், பின் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு இடத்திலும் எடுக்க வேண்டும். இரண்டு இடத்துக்கும் இடையே சுமார் 2 மீட்டர் இருக்கட்டும். முன் அளவு பின் அளவைவிட 20 முதல் 25 மி.மீ. குறைவாக இருந்தால் சரி.

சைடுகாருக்கு ஸ்கூட்டர் சக்கரம், 10 இன்ச், போட்டிருந்தால் ஒரு கூடுதல் எச்சரிக்கை. டியூப் அந்த டயரைத் தொடும் நீளம் 30 செ.மீ.தான். அங்கே 1 மி.மீ. பிசகினால் 2 மீட்டரில் அது 6, 7 மி.மீ. ஆகிவிடும். ரிம் லேசாக வளைந்திருந்தாலே இந்த அளவு பொய்யாகும். ஒரு முறை அளந்து, சக்கரத்தை அரைச் சுற்றுச் சுற்றி மறுபடி அளந்து, இரண்டின் சராசரியை எடுங்கள். பலருடைய டோ-இன் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கணக்குக் காட்டுவதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது லீன்-அவுட். புல்லட் நிமிர்ந்து நிற்கக் கூடாது. பெட்டிக்கு எதிர்ப்பக்கம், அதாவது வலப்பக்கம், 1 முதல் 1.5 டிகிரி சாய்ந்து நிற்க வேண்டும். நம் சாலைகள் இடது ஓரம் தாழ்ந்திருப்பதால் வண்டி அந்தப் பக்கமே வழுக்கப் பார்க்கும், அதை இந்தச் சாய்வு ஈடுகட்டும். அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒரு மீட்டர் டியூபைப் பின் சக்கர ரிம்மோடு செங்குத்தாகக் கட்டி, மேல் முனையிலிருந்து தூக்குக்குண்டு விடுங்கள். கீழே டியூபுக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி 17 மி.மீ. என்றால் 1 டிகிரி, 26 மி.மீ. என்றால் 1.5 டிகிரி. ஓட்டிப் பார்க்கும்போது நிதான வேகத்தில் இடப்பக்கம் இழுத்தால் சாய்வை அரை டிகிரி கூட்டுங்கள், வலப்பக்கம் இழுத்தால் குறையுங்கள். டோ-இன்னையும் லீன்-அவுட்டையும் ஒரே நாளில் சேர்த்து மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாது. முன் டயர் சீக்கிரம் தேய்ந்து, கையால் தடவினால் ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் ரம்பப் பல்லாகவும் இருந்தால் டோ-இன் அதிகம் என்று பொருள்.

மூன்றாவது அளவு லீட். சைடுகார் ஆக்சில் பின் ஆக்சிலைவிட எவ்வளவு முன்னே இருக்கிறது என்பது. பழைய புல்லட்டின் வீல்பேஸ், அதாவது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் உள்ள தூரம், 1,370 மி.மீ. அளவில் இருக்கும். அதில் 15 சதவீதம், 200 மி.மீ. அளவுக்கு வைத்தால் மலைக்கு நல்லது. இடது வளைவில் பெட்டி தூக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வலது வளைவில் எடை முழுக்கப் பெட்டியின் மூக்கு மேல் சாய்ந்து, புல்லட்டின் பின் சக்கரம் லேசாகும் என்பது பலருக்குத் தெரியாது. லீட் குறைவாக இருந்தால் இந்த ஆபத்து கூடும். மிக அதிகமாக வைத்தால் ஹேண்டில் கனத்து, பெட்டியின் டயர் தேயும்.

இந்த மூன்று அளவையும் காப்பாற்றுவது பெட்டியைப் புல்லட்டோடு பிணைக்கும் நான்கு பிடிமானங்கள்: கீழே இரண்டு, மேலே இரண்டு. பழைய புல்லட்டில் எஞ்சினே சேசிஸின் ஒரு பாகமாக வேலை செய்கிறது. முன் டியூப் எஞ்சினோடு முடிந்துவிடும், எஞ்சினுக்கு அடியில் அதைத் தாங்கும் தொட்டில் மாதிரிக் குழாய் கிடையாது. எனவே கீழ் முன் பிடிமானத்தை எஞ்சின் போல்ட்டில் மட்டும் தொங்கவிடாமல், முன் டியூபையும் பின் எஞ்சின் பிளேட்டையும் இணைக்கும் ஒரு சப்-ஃபிரேம், அதாவது துணைச் சட்டம், செய்து அதில் மாட்ட வேண்டும். சேலத்தில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை, அளவு கொடுத்தால் ஒரே நாளில் முடித்துத் தருவார்கள். ஆனால் சேசிஸ் டியூபில் நேராகக் காது வைத்து வெல்டிங் அடிக்கச் சொல்லாதீர்கள். விரிசல் வெல்டிங்கில் விழாது, அதன் ஓரத்தில், சூடு பட்டு மாறிப்போன இரும்பில் விழும். பெயிண்ட் மறைத்துவிடுவதால் வெளியே தெரியவும் தெரியாது.

கிளாம்ப் இரண்டு பாதியாக இருக்கும். இறுக்கிய பிறகு இரண்டு பாதிக்கும் நடுவே 2, 3 மி.மீ. சந்து மிச்சம் இருக்க வேண்டும். சந்து மூடிவிட்டால் கிளாம்ப் கிளாம்பைத்தான் பிடிக்கிறது, டியூபை அல்ல. ரப்பர் ஷீட் வைத்து அதை நிரப்புவது வேண்டவே வேண்டாம். ரப்பர் நசுங்க நசுங்க போல்ட் தளரும். 8.8 கிரேடு போல்ட், நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் உள்ள, எளிதில் தளராத நட்டு). எம்10-க்கு (10 மி.மீ. போல்ட்) 45 நியூட்டன் மீட்டர் இறுக்கம், எம்12-க்கு 80. கழற்றிய நைலாக் நட்டைத் திரும்பப் போடாதீர்கள். மேல் ஸ்ட்ரட்டுகளில், அதாவது மேல் பிடிமானக் கம்பிகளில், நீளத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகும் கண் போல்ட் இருக்கும். எம்16 என்றால் குறைந்தது 24 மி.மீ. மரை உள்ளே இருக்க வேண்டும். சாய்வு கூட்டக் கூட்ட வெளியே வந்து, கடைசியில் நான்கைந்து மரையில் மொத்தப் பெட்டியும் தொங்குவதைப் பல வண்டிகளில் பார்க்கலாம்.

இறுக்கியதும் ஒவ்வொரு நட்டிலிருந்தும் கிளாம்ப் வரை நகப்பூச்சால் ஒரு கோடு போடுங்கள். நட்டு நகர்ந்தால் கோடு உடையும். கோடு உடையாமலே போல்ட்டைச் சுற்றிச் செம்மண் மாதிரி மெல்லிய தூள் படிந்திருந்தால், கிளாம்ப் டியூபின் மேல் நுண்ணிய அளவில் உரசிக்கொண்டிருக்கிறது. துரு மாதிரித் தெரியும், ஆனால் துடைத்தால் விரலில் மாவாக ஒட்டும். கழற்றி, பெயிண்ட்டைச் சுரண்டி, இரும்பு இரும்பைப் பிடிக்கும்படி மறுபடி மாட்ட வேண்டும்.

பிரேக்கைப் பற்றி எனக்குச் சமரசமே கிடையாது. சைடுகார் சக்கரத்துக்குப் பிரேக் இல்லாமல் மலை ஏறாதீர்கள். புல்லட் நிற்க, பெட்டி முன்னே ஓட, மூக்கு வலப்பக்கம் எதிர் லேனுக்குள் போகும். பின் பிரேக் பெடலிலேயே இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்படி இணைப்பதுதான் சரி. டிரம் என்றால் கேபிளும் நடுவில் ஆடும் ஒரு சமன்கட்டையும் போதும். பெட்டிச் சக்கரம் சற்றுப் பிந்திப் பிடிக்கும்படி வையுங்கள், முந்திப் பிடித்தால் இடப்பக்கம் வெட்டும். டிஸ்க் என்றால் டாட் 4 பிரேக் ஆயில், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். புது டாட் 4 கொதிக்க குறைந்தது 230 டிகிரி வேண்டும். ஈரம் உறிஞ்சியதற்கு அந்த அளவு 155-தான். இறக்கத்தில் பெடல் திடீரென்று பஞ்சு மாதிரி ஆவதற்கு அந்த ஈரம்தான் காரணம்.

இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியர். பிரேக் சூ கருகும் வாசனை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள், சூடான டிரம் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். சூ லைனிங் 2 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள். பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகியிருந்தால் 80 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம்.

25 முதல் 40 கி.மீ. வேகத்தில், த்ராட்டிலை விடும்போது ஹேண்டில் படபடவென்று ஆடினால் முதலில் கோன்செட்டை, அதாவது ஹேண்டில் திரும்பும் தண்டின் பேரிங்கை, பாருங்கள். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் 'டக்' என்ற சத்தம் கேட்கக் கூடாது. அது சரியாக இருந்தும் ஆடினால் ஹேண்டிலின் ஆட்டத்தை அடக்கும் ஸ்டீயரிங் டேம்பர் போடுங்கள். கை வலிக்கும் கனத்துக்கு டேம்பர் மருந்தல்ல. அதற்கு ஃபோர்க்கின் டிரெயிலை (ஹேண்டில் தண்டின் நேர்கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) குறைக்கும் யோக், அதாவது ஃபோர்க்கைப் பிடிக்கும் கட்டை, வேண்டும். அது வீட்டில் செய்யும் வேலை இல்லை, நம்பிக்கையான இடத்தில்தான் செய்ய வேண்டும்.

ஸ்போக்ஸ் கம்பி: இரண்டு சக்கர வண்டி வளைவில் சாயும், மூன்று சக்கர வண்டி சாயாது. பக்கவாட்டு விசை முழுதும் கம்பி மேல்தான். 500 கி.மீ.க்கு ஒரு முறை ஸ்பானரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டுங்கள். 'டிங்' என்றால் நல்லது. 'டொக்' என்றால் தளர்ந்திருக்கிறது, கால் சுற்று இறுக்குங்கள். ஒன்று உடைந்தால் பக்கத்துக் கம்பிகள் வரிசையாகப் போகும்.

செயின் ஸ்ப்ராக்கெட்டில் முன்பக்கம் ஒரு பல் குறைப்பது செலவு குறைந்த நல்ல மாற்றம். 17 பல் இருந்த இடத்தில் 16 போட்டால் இழுவை 6 சதவீதம் கூடும், உச்ச வேகம் அந்த அளவுக்குக் குறையும். ஏற்காட்டில் காற்றின் அடர்த்தி சேலத்தைவிடச் சுமார் 11 சதவீதம் குறைவு, எஞ்சின் அந்த அளவுக்குச் சோம்பும். கார்ப்பரேட்டர் வண்டி கொஞ்சம் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். இரண்டு நாள் பயணத்துக்காகக் கார்ப்பரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்ற வேண்டியதில்லை.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மேலே பனிமூட்டம் இறங்கினால் பத்தடி தள்ளி ஒன்றும் தெரியாது. எதிரே வருபவர் ஒற்றை ஹெட்லைட்டைப் பார்த்து வெறும் பைக் என்று நினைப்பார். பெட்டியின் முன் இடது ஓரத்தில் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு, கூடவே இண்டிகேட்டர், ஒட்டும் ரிஃப்ளெக்டர் நாடா. எர்த் ஒயரைச் சேசிஸை நம்பாமல் பேட்டரிக்குத் தனியாக இழுங்கள். பெட்டியின் தரையில் நான்கு மூலையிலும் 8 மி.மீ. துளை போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் பாரமாக நிற்கும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(27) மோட்டார் சைக்கிள் என்பதற்குச் சொல்லும் விளக்கத்திலேயே கழற்றக்கூடிய சைடுகாரும் சேர்ந்திருக்கிறது. அதற்காக நேராக மாட்டிவிடலாம் என்று அர்த்தமில்லை. வண்டியின் அமைப்பு மாற்றம் பிரிவு 52-ல் வருகிறது. வேலை தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முதல் மலைப் பயணம் முடிந்து அடிவாரத்துக்கு வந்ததும் ஊருக்குள் நுழையும் முன்பே நிறுத்துங்கள். மூன்று ஹப்பின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், ஒன்று மட்டும் தகித்தால் அந்தப் பிரேக் விடாமல் உரசுகிறது. பிறகு குனிந்து நகப்பூச்சுக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒன்று உடைந்திருந்தாலும் அங்கேயே இறுக்கிவிட்டு, மறுபடி டியூப் வைத்து அளக்கும்வரை 40-க்கு மேல் ஓட்டாதீர்கள்.