செல்லோ டேப்போடு மூன்று நாள்

ஆகஸ்ட் 30, ஞாயிறு

நூலக மாநாட்டில் எங்கள் ஸ்டால் உறுதியாகிவிட்டது. எண் 47. மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் இடம், ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பிளக் பாயிண்ட், ஒரு குப்பைக்கூடை. இதைச் சொல்ல 22 பக்கத்தில் ஒரு விதிமுறைக் கையேடு அனுப்பியிருக்கிறார்கள்.

அரங்க வரைபடத்தில் 47-ஐத் தேடினேன். கழிவறைக்குப் போகிற வழியில் இருக்கிறது. சித்தப்பாவிடம் சொன்னபோது என் முகம் விழுந்திருக்க வேண்டும். "எல்லாரும் ஒரு தடவையாவது அந்தப் பக்கம் வந்துதானே ஆகணும்?" என்றார்.

சித்தப்பா நாற்பது வருட பைண்டர். நான் பில், கணக்கு, போன். அமிலமில்லாத அட்டைப் பெட்டி, பழுது பார்க்கிற மெல்லிய தாள், பசை, பைண்டிங் துணி ஆகியவற்றை நூலகங்களுக்குத் தருகிறோம். இதுவரை போனிலும் கூரியரிலும்தான் வியாபாரம் நடந்தது. வாங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்ததில்லை.

செப்டம்பர் 5, சனி

இன்று முழுக்கப் பேக்கிங். என் திட்டம் பெட்டிகளை முன்னால் அடுக்கி வைப்பது. லாபம் அதில்தான். சித்தப்பா தாள் மடிக்கிற தன் எலும்புக் கத்தி, பிரஷ், கனமான இரும்புக் கட்டிகள் எல்லாவற்றையும் எடுத்து வைக்கிறார். "அங்கே யார் சித்தப்பா பைண்டிங் பண்ணப் போறாங்க?" என்றேன். பதில் இல்லை. இரும்புக் கட்டி மட்டும் இன்னும் இரண்டு கூடியது.

பசைக்காக ஒரு சின்னச் சண்டையும் நடந்தது. பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் போடுவது அவர் கற்ற பழக்கம். ராமபாணப் பூச்சிக்கு அது ஆகாது, உண்மைதான். ஆனால் அதிலுள்ள தாமிரம் தாளையே அரிக்கும். மூன்று வருடம் சொல்லித்தான் விட்டார். இன்றைக்கு மாவுச்சத்துப் பசையை டப்பாவில் அடைக்கும்போது, "துத்தம் போடாத பசை, உப்புப் போடாத குழம்பு" என்று முணுமுணுத்தார். கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

நோட்டீஸ் ஆயிரம் அடித்தாயிற்று. செலவைக் குறைக்க மட்டத் தாளில் போட்டேன். இதை ஏன் எழுதுகிறேன் என்பது பின்னால் தெரியும்.

செப்டம்பர் 9, புதன்

ஸ்டால் போடும் நாள். பிளக் பாயிண்ட் பின்சுவரின் மூலையில், எங்கள் விளக்கு முன்பக்கம். நடுவில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இல்லை. பக்கத்து ஸ்டால்காரர் ஒன்று கொடுத்தார். அவர் விற்பது திருட்டைப் பிடிக்கும் ஆர்எஃப்ஐடி கேட். புத்தகத்தில் ஒட்டிய சின்ன டேக்கை 13.56 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் படித்து, பதிவு செய்யாமல் எடுத்துப் போனால் கத்தும். இன்று சாயங்காலம் மட்டும் முப்பது தடவை கத்தியிருக்கும். மூன்று நாள் இதோடுதான்.

அதைவிடப் பெரிய விஷயம், தலைக்கு மேலே இருக்கிற பெயர்ப்பலகை. நான் எழுதிக் கொடுத்தது "ஆவணப் பாதுகாப்புப் பொருட்கள்". ஏற்பாட்டாளர்கள் ஒட்டியிருந்தது "ஆணவப் பாதுகாப்புப் பொருட்கள்".

அலுவலக மேசைக்கு ஓடினேன். ஸ்டிக்கர் வெட்டுகிற ஆள் நாளை மதியம்தான் வருவாராம். திரும்பி வந்தால் சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். "விடு, அதுக்கும் வாங்க ஆள் இருக்கும்."

செப்டம்பர் 10, வியாழன்

முதல் நாள். யாரும் எனக்குச் சொல்லாத ஒன்றைக் கற்றுக்கொண்டேன். கட்டுரை வாசிப்பு நடக்கும்போது கண்காட்சிக் கூடம் காலி. பத்து மணியிலிருந்து பதினொன்றேகால் வரை நாங்களும் மற்ற ஸ்டால்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். இடைவேளை மணி அடித்ததும் கதவு திறந்தது, ஒரே நேரத்தில் முந்நூறு பேர். அரை மணியில் மறுபடி காலி. ஒரு நாளைக்கு மூன்று இடைவேளை. ஆக ஒன்பது மணி நேரத்தில் உண்மையான வேலை ஒன்றரை மணி நேரம்தான். அந்த ஒன்றரை மணியில் சாப்பிடப் போகக் கூடாது, போன் எடுக்கக் கூடாது. முதல் இடைவேளையில் நான் இரண்டையும் செய்தேன்.

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் பெட்டியின் சிறப்புகளை ஒப்பித்தேன். நீடித்து நிற்கும் தாளுக்கான தரம் ஐஎஸ்ஓ 9706 என்று நான் ஆரம்பிப்பதற்குள் பார்வை பேனா ஸ்டாண்டுக்குப் போய்விடுகிறது. பேனா தீர்ந்ததும் கூட்டமும் தீர்ந்தது. பெயர்ப்பலகையைப் படம் எடுக்க நின்றவர்கள்தான் அதிக நேரம் நின்றார்கள். (மதியம் திருத்திவிட்டார்கள். கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.)

மூன்று மணிக்கு ஒரு பள்ளி நூலகர் வந்தார். பெட்டிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பையிலிருந்து ஓர் அகராதியை எடுத்து மேசையில் வைத்தார். முதுகு முழுக்கச் செல்லோ டேப், அடுக்கடுக்காக. அடியில் இருந்தது தேன் நிறத்தில் காய்ந்து உரிந்துகொண்டிருந்தது.

"இதை நான்தான் ஒட்டினேன். பத்து வருஷம் முன்னால. இப்ப என்ன பண்றது?" குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரல்.

சித்தப்பா எழுந்து மேசைக்கு முன்பக்கம் வந்தார். டேப்பின் ஓரத்தை நகத்தால் நிமிண்டினார். மேலேயிருந்த பிளாஸ்டிக் படலம் தானாக வந்துவிட்டது, அதிலிருந்த பசை வரவில்லை. "பசை இப்ப தாளுக்குள்ள இறங்கிடுச்சும்மா. முதல்ல பிசுபிசுன்னு இருக்கும், அப்புறம் எண்ணெய் மாதிரி பரவும், கடைசியில கட்டியாகி இந்த நிறம் வந்துடும். படலத்தை எடுத்துடலாம். கறை முழுசாப் போகாது." அவர் அப்படித்தான், பொய்யாக ஆறுதல் சொல்ல மாட்டார். அந்த அம்மா அகராதியை எங்களிடமே விட்டுப் போனார். அவர் அங்கே நின்ற பத்து நிமிடத்தில் பின்னால் எட்டுப் பேர் சேர்ந்திருந்தார்கள்.

செப்டம்பர் 11, வெள்ளி

காலை எட்டரைக்கே போய் மேசையைப் பக்கச் சுவரோடு தள்ளிவிட்டோம். முன்பக்கம் திறந்த இடம். பெட்டிகள் பின்னால் போயின. சித்தப்பா நாற்காலி போட்டு நடுவில் உட்கார்ந்தார். கட்டிகள், பிரஷ், பசை, ஒரு ஜோடி ஸ்வெட்டர் பின்னும் ஊசி. அந்த ஊசி எதற்கு என்று கேட்காதவரே இல்லை.

அட்டைக்கும் உள்ளே இருக்கிற தாள் கட்டுக்கும் நடுவே மூட்டு தளர்ந்து ஆடுகிற புத்தகம்தான் எல்லா நூலகத்திலும் அதிகம் இருக்கும். பிரித்து பைண்ட் பண்ண வேண்டியதில்லை. ஊசியை வெள்ளை பிவிஏ பசையில் தோய்த்து, முதுகுப் பக்கத்து இடைவெளியில் மேலிருந்து விட்டு உருட்டி எடுக்க வேண்டும். கீழிருந்தும் அப்படியே. அட்டைக்கு உள்ளே மெழுகுத் தாள் வைத்து மூடி, மூட்டுப் பள்ளத்தில் வெளியே அதே மாதிரி ஊசிகளை வைத்து, மேலே கட்டி. ராத்திரி முழுக்க விட்டால் போதும். சித்தப்பா செய்து காட்ட ஒன்றரை நிமிடம் ஆனது. காலை இடைவேளையில் மட்டும் பதினோரு முறை செய்தார். மூன்று பேர் வீடியோ எடுத்தார்கள். ஒருவர், "ஆர்டர் போடறதுக்கு இந்த ஊசி எந்தப் பக்கத்துல இருக்கு?" என்று எங்கள் விலைப்பட்டியலைப் புரட்டினார். நாங்கள் ஊசி விற்பதில்லை.

பிறகு நார் ஓட்டம். ஒரு செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழிக்கச் சொன்னார், நேராகக் கிழிந்தது. குறுக்கே கிழிக்கச் சொன்னார், கோணல் மாணலாகப் போனது. நேராகக் கிழிகிற திசைதான் நார் ஓடுகிற திசை. அது புத்தகத்தின் முதுகுக்கு இணையாக இருந்தால் பக்கம் படுக்கும், இல்லாவிட்டால் விறைத்துக்கொண்டு நிற்கும். வளர்ந்த மனிதர்கள் வரிசையில் நின்று பேப்பர் கிழித்ததைப் பார்க்க வேண்டுமே.

மதியம் ஒரு நூலகவியல் மாணவன், தாளில் அமிலம் இருக்கிறதா என்று பார்க்கிற பேனாவை எடுத்தான். கோடு ஊதாவானால் அமிலம் இல்லை, மஞ்சளாகவே நின்றால் அமிலம் இருக்கிறது. கோடு அழியாது, அதனால் நல்ல புத்தகத்தில் போடக் கூடாது என்று சொல்லி முடிப்பதற்குள், கையில் இருந்த எங்கள் நோட்டீஸிலேயே கிழித்தான். "அமிலமில்லாத் தாளே நூலின் ஆயுள்" என்கிற வரிக்கு நேர் கீழே, பளிச்சென்று மஞ்சள்.

கூட்டம் சிரித்தது. எனக்குக் காது சூடானது. சித்தப்பா அந்த நோட்டீஸை வாங்கி, மேசையில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நிறுத்தி வைத்தார். "இதுதான் அமிலத் தாள். இன்னும் கொஞ்ச வருஷத்துல எங்க விளம்பரமே நொறுங்கிடும், அதுக்குள்ள ஆர்டர் போட்டுடுங்க." பக்கத்தில் பெட்டி அட்டையில் கிழித்துக் காட்டினார், ஊதா. இரண்டு நாளாக நான் ஐஎஸ்ஓ எண் சொல்லிப் புரியவைக்க முடியாதது அப்படியே புரிந்துவிட்டது.

ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். ஸ்டால்காரர்களை மாநாட்டில் இரண்டாம்பட்சமாக நினைக்கிறார்களே என்று நான் புலம்பியதற்கு, 1876-ஐச் சொன்னார். அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி, நூல்களை எண்ணால் வகைப்படுத்தும் தன் தசமப் பகுப்பை வெளியிட்டது, அமெரிக்க நூலகச் சங்கம் தொடங்கியது, நூலகங்களுக்கு அட்டையும் அலமாரியும் விற்க டூயியே ஒரு கடையை ஆரம்பித்தது, எல்லாம் அந்த ஒரே வருடம். "அவரும் உங்க ஜாதிதாம்மா, ஸ்டால் ஜாதி." கிழிந்த புத்தகங்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது, இந்திய நூலகவியலாளர் ரங்கநாதன் 1931-ல் எழுதிய நூலகவியலின் ஐந்து விதிகளில் முதலாவதைச் சொன்னார், நூல்கள் பயன்பாட்டுக்கே. "கிழியாத புத்தகத்தைப் பார்த்தாதான் எனக்குக் கவலை."

செப்டம்பர் 12, சனி

கடைசி நாள். ஐந்து மணிக்கு முன்னால் ஸ்டாலைப் பிரிக்கக் கூடாது என்று கையேடு சொல்கிறது. மூன்று மணிக்கே டேப் கிழிக்கும் சத்தம் கூடமெங்கும். நாங்கள் பிரிக்கவில்லை. காரணம் ஒழுக்கம் இல்லை, வண்டி ஆறு மணிக்குத்தான்.

அப்படி இருந்ததில் ஒரு ஆள் கிடைத்தார். ஊருக்குக் கிளம்பும் பையோடு ஓடி வந்தார். அவர் நூலகத்தில் நேற்று இரவு குழாய் உடைந்து இருநூறு புத்தகம் நனைந்துவிட்டதாம், இப்போதுதான் போன் வந்ததாம். 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும். வெயிலில் விரித்துப் போடச் சொல்லியிருந்தார். சித்தப்பா தலையை ஆட்டினார். கொஞ்சம் நனைந்ததை நிமிர்த்தி விரித்து வைத்து ஃபேன் போடணும், நடுநடுவே உறிஞ்சுதாள் வைத்து மாற்றணும். தொப்பலாக நனைந்ததை வலுக்கட்டாயமாகத் திறக்காமல், ஒவ்வொன்றாகச் சுற்றி, ஃப்ரீசரில் வைத்துவிட்டால் அவசரம் குறையும், பிறகு நிதானமாகக் காயவைக்கலாம். பளபளப்பான தாளுள்ளவை முதலில், காய்ந்தால் பக்கமெல்லாம் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். வந்தவர் அங்கிருந்தே தன் நூலகத்துக்குப் போனில் ஒவ்வொன்றாகச் சொன்னார். எங்களிடம் ஒன்றும் வாங்கவில்லை. இருந்த உறிஞ்சுதாள் மொத்தத்தையும் கொடுத்தனுப்பினோம். அதற்குப் பில் போடலாமா என்று ஒரு நொடி யோசித்தேன், எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

ராத்திரி கணக்கு: விசிட்டிங் கார்டு 63. கையோடு வந்த ஆர்டர் 2, இரண்டும் சின்னது. நின்று பேசுகிறவர் வேறு, கையெழுத்துப் போடுகிறவர் வேறு. கொட்டேஷன் அனுப்பி, கொள்முதல் குழு கூடி, எப்போது வருமோ. முதல் நாள் வாங்கிய கார்டுகளின் பின்னால் எதுவும் குறிக்கவில்லை, யார் என்ன கேட்டார் என்று ஞாபகம் இல்லை. இரண்டாம் நாளிலிருந்து "பூஞ்சை", "வரைபடப் பெட்டி", "ஊசி" என்று எழுதியிருக்கிறேன்.

செப்டம்பர் 15, செவ்வாய்

நாற்பத்தொரு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒன்பது பதில். அதில் நான்கு ஊசியைப் பற்றி. சரி, ஊசியும் பட்டியலில் ஏறட்டும்.

சித்தப்பா காலையிலிருந்து அந்த அகராதியோடு இருக்கிறார். படலம் எல்லாம் வந்துவிட்டது. முதுகில் புதுத் துணி. கிழிந்த பக்கங்களுக்கு மெல்லிய தாளைக் கத்தரியால் வெட்டாமல், ஈர பிரஷால் கோடு போட்டு இழுத்துப் பிய்க்கிறார். ஓரத்தில் நார் பிசிறாக நிற்க வேண்டும், அப்போதுதான் ஒட்டிய இடம் தெரியாது. "க" வரிசையில் மட்டும் டேப் இருந்த பழுப்புப் பட்டை அப்படியே இருக்கிறது.

அடுத்த வருட மாநாட்டுக்கு ஸ்டால் பதிவு படிவம் வந்திருக்கிறது. முன்கூட்டியே பதிந்தால் நுழைவாசல் பக்கம் கிடைக்குமாம். கேட்டேன்.

"கழிவறைப் பக்கமே போடு" என்றார், தலை நிமிராமல். "மேசை மட்டும் வேணாம்னு சொல்லு. நாற்காலி நாலு கேளு."