மேசை நடுவில் நான்கு மெழுகுவர்த்திகள்

நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாள் வழிபாடு முடிந்து வீடு திரும்பியதும், அடுக்களைப் பரணில் இருக்கும் பழைய பிஸ்கட் டின்னைக் கீழே இறக்குவது எங்கள் வீட்டு வழக்கம். மின்வெட்டு இரவுகளில் எரிந்து மிஞ்சியவை, அக்டோபர் மாதச் செபமாலைக்கு ஏற்றியவை, பிறந்தநாள் கேக்கிலிருந்து பிடுங்கி வைத்தவை என்று ஓராண்டின் மெழுகுத் துண்டுகள் எல்லாம் அதற்குள் சேர்ந்திருக்கும். அவற்றை உருக்கித்தான் திருவருகைக் காலத்துக்கான நான்கு மெழுகுவர்த்திகளை வார்க்கிறோம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றாக ஏற்றப்படும் இந்த நான்கும், அவற்றைச் சுற்றி இருக்கும் ஓலை வளையமும், அதன் கீழே விரிக்கும் பாயும்தான் எங்கள் உணவு மேசையின் அலங்காரம். கடையில் வாங்கிய பொருள் எதையும் நாங்கள் அதில் வைப்பதில்லை.

இந்த வளையத்தின் தொடக்கம் ஜெர்மனியில் இருக்கிறது. ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றை நடத்திவந்த யோகான் ஹின்ரிக் விக்கர்ன் என்ற லுத்தரன் போதகர், கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று ஓயாமல் கேட்ட பிள்ளைகளுக்காக, 1839ஆம் ஆண்டு ஒரு பழைய வண்டிச் சக்கரத்தின் மேல் மெழுகுவர்த்திகளை நட்டு நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளும் மற்ற நாள்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளும் அதில் இருந்தன. பின்னர் அது நான்காகச் சுருங்கி, பசுமையான கிளைகளால் சுற்றப்பட்டு, கத்தோலிக்கக் கோவில்களுக்கும் வந்து சேர்ந்தது. நம் கோவில்களில் மூன்று ஊதா நிறத்திலும், மகிழ்ச்சி ஞாயிறு எனப்படும் மூன்றாம் ஞாயிற்றுக்கு உரியது ரோஜா நிறத்திலும் இருக்கும். நாள் எண்ணும் பிள்ளைகளுக்காக ஒரு பழைய சக்கரத்தில் செய்யப்பட்ட பொருள் இது என்று அறிந்தபோது, இதைக் கையால் செய்வதே முறை என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் வீட்டில் இது அழகுப் பொருளாக மட்டுமே இருந்த காலம் ஒன்று உண்டு. பித்தளைத் தண்டுகளில் ஒரு முழ உயரத்துக்கு மெலிந்த மெழுகுவர்த்திகளை நிறுத்தி, படம் எடுத்து உறவினர்களுக்கு அனுப்பிவிட்டு, சாப்பிடும்போது விளக்கைப் போட்டுக்கொள்வோம். 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக்குத் தெற்கே கடந்துபோனது. எங்கள் தெருமுனைப் புளியமரம் மின்கம்பத்தையும் சேர்த்துக்கொண்டு சாய்ந்தது. நாகர்கோவிலில் எங்கள் பகுதிக்கு ஒரு வாரத்துக்கும் மேலாக மின்சாரம் வரவில்லை. கடற்கரை ஊர்களிலிருந்து கடலுக்குப் போனவர்களைப் பற்றி எந்தச் செய்தியும் வராமல் கோவில்களில் அழுகுரல் கேட்டுக்கொண்டிருந்த அந்த நாள்களில், டிசம்பர் 3ஆம் தேதி, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு வந்தது.

அன்று இரவு அந்த உயரமான மெழுகுவர்த்தியை ஏற்றிச் சாப்பிட உட்கார்ந்தோம். சுடர் சரியாகக் கண்ணுக்கு நேராக நின்றது. எதிரில் இருந்த அத்தையின் முகம் அந்தச் சுடருக்குப் பின்னால் கறுத்துத் தெரிந்ததே தவிர, கண்ணும் வாயும் தெரியவில்லை. என் கணவர் அதை அணைத்துவிட்டு, பழைய துண்டுகள் இரண்டை எவர்சில்வர் டம்ளர்களுக்குள் நிறுத்தி, மேசையின் நடுவில் தாழ்வாக வைத்தார். வெளிச்சம் கீழிருந்து மேலாகப் பரவி எல்லோர் முகங்களிலும் விழுந்தது. அப்போதுதான் அத்தை சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறார், ஒரு வாய்கூட உண்ணவில்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது. அவர் பிறந்த ஊர் கடற்கரையில் இருக்கிறது.

அன்று முதல் எங்கள் மேசையில் நான்கு விரல் உயரத்துக்கு மேல் எந்த மெழுகுவர்த்தியும் நின்றதில்லை. மேசை அலங்காரத்தைப் பற்றி என்னிடம் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த உயரக் கணக்கைத்தான். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையை மேசையில் ஊன்றி, உள்ளங்கையில் மோவாயைத் தாங்கிப் பாருங்கள். பூவானாலும் பொம்மையானாலும் சுடரானாலும் அந்த மோவாய்க்குக் கீழே நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் எழும் எந்தப் பொருளும், எவ்வளவு அழகாக இருந்தாலும், எதிரில் இருப்பவரை மறைக்கும் தட்டியாகிவிடுகிறது.

தாழ்ந்த மெழுகுவர்த்தி பல மணி நேரம் எரிய வேண்டுமானால் அது பருமனாக இருக்க வேண்டும். அதனால் வார்ப்பதில் கவனம் கூடுகிறது. கடைகளில் கிடைக்கும் பாரஃபின் மெழுகு பெரும்பாலும் 50 முதல் 65 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும் என்பதால், அதை நேரடியாக அடுப்பில் வைக்க வேண்டிய தேவையே இல்லை. அகன்ற பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க விட்டு, அதற்குள் மெழுகு இருக்கும் டின்னை இறக்கி வைத்தால், தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, ஆகவே மெழுகும் தாண்டாது. நேரடித் தீயில் வைத்துக் கவனம் தவறினால், ஏறத்தாழ 200 டிகிரியை எட்டும்போது மெழுகின் ஆவியே தீப்பற்றிக்கொள்ளும். அந்தத் தீயின் மேல் தண்ணீரை ஊற்றினால் அது அணையாது, எரியும் மெழுகு நாற்புறமும் சிதறும். பக்கத்தில் ஒரு பெரிய மூடி தயாராக இல்லாமல் நான் இந்த வேலையைத் தொடங்குவதில்லை. மிஞ்சும் மெழுகைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழாய்க்குள் அது உறைந்தால் எடுப்பது பெரும்பாடு.

திரிதான் இதில் உயிர். பருத்தி நூலை வெறுமனே முறுக்கிப் போட்டால் அது சுடரின் நடுவிலேயே நிமிர்ந்து நின்று கரியாகிப் புகையும். சடைபோல மூன்று புரியாகப் பின்னிய திரியோ எரிய எரிய ஒரு பக்கம் வளைந்து, நுனி சுடரின் விளிம்புக்கு வந்து, தானாகவே சாம்பலாகிவிடும். 1820களில் பிரான்சில் இந்தப் பின்னல் திரி வரும்வரை, ஐரோப்பிய வீடுகளில் மெழுகுவர்த்திக்கு அருகில் ஒரு கத்தரியை வைத்துக்கொண்டு அடிக்கடி திரியை வெட்ட வேண்டியிருந்தது. நான் ஒரு கோப்பை வெந்நீரில் ஒரு கரண்டி உப்பும் இரண்டு கரண்டி வெண்காரமும் கரைத்து, பின்னிய திரியை ஓர் இரவு ஊறவைத்து, நன்றாகக் காயவிட்டு, பிறகு உருகிய மெழுகில் ஒருமுறை முக்கி எடுத்து நேராக நீட்டி உலர்த்துகிறேன். இந்தப் பக்குவத்தில் புகையும் சாம்பலும் வெகுவாகக் குறைகின்றன.

வார்ப்பதற்கு எவர்சில்வர் டம்ளரே போதும். வாய் அகன்று அடி ஒடுங்கியிருப்பதால் உறைந்த மெழுகு எளிதாகக் கழன்று வந்துவிடும். உட்புறம் தேங்காய் எண்ணெயை ஒரு விரலால் தடவினால் போதுமானது. திரியின் அடியில் ஒரு சிறு இரும்பு வாஷரைக் கட்டி உள்ளே இறக்கி, மேல்நுனியை டம்ளரின் வாயில் குறுக்கே வைத்த ஈர்க்குச்சியில் சுற்றிவிட்டால் அது நடுவில் நேராக நிற்கும். மெழுகை ஊற்றிய அரை மணி நேரத்தில் விளிம்பு வெளுத்து உறையத் தொடங்கும். மெழுகு உறையும்போது சுருங்குவதால், நடுவில் திரியைச் சுற்றி மெல்ல ஒரு குழி விழும். மேலே மூடியதுபோலத் தெரிந்தாலும் உள்ளே வெற்றிடம் இருக்கும். ஈர்க்கால் அந்த இடத்தைக் குத்தித் திறந்து, எடுத்து வைத்த மெழுகை மறுபடியும் ஊற்ற வேண்டும். இந்த இரண்டாம் ஊற்றலைத் தவிர்த்துவிட்டால், மூன்றாம் நாள் சுடர் அந்தக் குழிக்குள் இறங்கி மூழ்கிவிடும்.

நிறத்தில் நான் ஒருமுறை தவறு செய்தேன். ஊதா நிறத்துக்காக மகளின் கிரேயான்களை மெழுகில் கரைத்தேன். நிறம் மிக அழகாக வந்தது, ஆனால் ஏற்றிய கால் மணி நேரத்துக்குள் சுடர் ஒரு கடுகளவுக்குச் சுருங்கி அணைந்துவிட்டது. கிரேயானில் இருக்கும் வண்ணப்பொடி மெழுகில் உண்மையாகக் கரைவதில்லை. மெழுகு திரியில் ஏறும்போது அந்தப் பொடியும் கூடவே ஏறி, நூலிழைகளின் இடைவெளியை அடைத்துவிடுகிறது. மெழுகுக்கென்றே விற்கும் சாயத்தைத்தான் இப்போது சேர்க்கிறேன்.

வளையத்துக்கு ஐரோப்பாவில் ஊசியிலை மரக் கிளைகளை வைப்பார்கள். எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸ் மரத்துக்குச் சவுக்குக் கிளையைக் கொண்டுவருவதுபோல, நானும் முதலில் சவுக்கையே வளைத்துக் கட்டினேன். மூன்றே நாளில் அது காய்ந்து, சுடருக்கு அருகில் வைக்க அஞ்ச வேண்டிய பொருளாகிவிட்டது. பிறகு பனையோலைக்கு மாறினேன். ஓலைப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற மணப்பாட்டில் எனக்கு முடையக் கற்றுக்கொடுத்த அக்கா, நான் காய்ந்த ஓலையை அப்படியே மடக்கியதைப் பார்த்துவிட்டு, “நனைக்காம மடக்குனா ஒடிஞ்சுரும்மா, அதுக்குக் கொஞ்சம் தண்ணி காட்டு” என்றார். குருத்தோலையை நிழலில் உலர்த்தி வைத்துக்கொண்டு, வேலைக்கு எடுக்கும் முன் ஈரத்துணியில் சுற்றி வைத்தால், அது துணிபோல வளைந்துகொடுக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலமாதலால், முடைந்து முடித்ததை உடனே நல்ல வெயிலில் காட்டாவிட்டால் கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடித்துவிடும்.

அந்த வளையத்தில் நட்சத்திரங்களையும் கோக்கிறோம். ஜெர்மனியில் நான்கு காகித நாடாக்களால் மடிக்கும் பதினாறு முனை நட்சத்திரம் ஒன்று உண்டு. மழலையர் பள்ளியைத் தோற்றுவித்த ஃப்ரோபெல் பெயரால் அதை அழைக்கிறார்கள். ஒரு செ.மீ. அகலமும் 30 செ.மீ. நீளமும் உள்ள நான்கு நாடாக்களை இரண்டாக மடித்து, ஒன்றின் மடிப்புக்குள் மற்றொன்றின் வாலைச் செருகிச் சதுரமாக இறுக்க வேண்டும். இந்த முதல் முடிச்சைக் கண்டவுடனே அத்தை, சிறுவயதில் செய்த ஓலைப் பந்தைப் போல இருக்கிறதே என்று சொல்லி, காகிதத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஓலைக் கீற்றுகளை எடுத்துக்கொண்டார். ஓலையில் மடிப்பு கூர்மையாக விழுவதால் முனைகள் காகிதத்தைவிட நன்றாக நிற்கின்றன. இப்போது நட்சத்திரம் மடிப்பது முழுக்க அவருடைய பொறுப்பு. ஒரு மாலையில் ஆறு செய்துவிடுவார்.

மேசையில் அடுக்கும் முறை எளிது. பத்தமடைக் கோரைப்பாயின் குறுகிய துண்டு ஒன்றை நீளவாக்கில் விரித்து, நடுவில் ஒரு பெரிய மண்தட்டை வைத்து, அதில் ஆற்றுமணலை இரண்டு விரல் ஆழத்துக்குப் பரப்பி, மெழுகுவர்த்திகளை அகன்ற அகல்களில் வைத்து மணலில் பதிக்கிறோம். ஓலை வளையம் தட்டுக்கு வெளியே, சுடருக்கு ஒரு சாணுக்கு அப்பால், தாழ்வாகக் கிடக்கும். ஓலையும் எரியக்கூடியதுதான் என்பதால் இந்த இடைவெளியில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பாயில் மெழுகு சிந்தினால் துணிக்குச் செய்வதுபோல இஸ்திரிப் பெட்டியை வைக்காமல், பனிக்கட்டியை ஒரு உறையில் போட்டு அதன் மேல் வைத்து, மெழுகு இறுகியதும் நகத்தால் பெயர்த்து எடுத்துவிடலாம்.

நம் வீடுகளில் மெழுகுவர்த்திக்குப் பெரிய எதிரி மேலே சுழலும் மின்விசிறிதான். காற்றில் சுடர் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கச் சுவர் உருகி வழிந்து, மெழுகு வீணாகி, புகையும் வரும். டிசம்பரில் பெரும்பாலும் விசிறியை நிறுத்திவிட்டு உண்ண முடிகிறது. புழுக்கமான நாள்களில், பழைய அரிக்கேன் விளக்குகளின் கண்ணாடிச் சிமினிகளை மெழுகுவர்த்திகளின் மேல் கவிழ்க்கிறோம். மணலில் அவை அசையாமல் நிற்கும், அடியில் காற்றுப் புகுவதற்கு மட்டும் சிறிது இடைவெளி விட வேண்டும். கண்ணாடி வழியாக வரும் வெளிச்சத்தில் ஓலை நட்சத்திரங்களின் நிழல் சுவரில் பெரிதாக விழுந்து அசையாமல் நிற்பதைப் பார்ப்பதற்காகவே, குளிர்ந்த நாளிலும் என் மகள் சிமினிகளை எடுத்து வந்துவிடுகிறாள்.

இந்த ஆண்டுக்கான மூன்று ஊதா மெழுகுவர்த்திகளும் வார்த்தாகிவிட்டன. டம்ளரிலிருந்து கழற்றி ஈரத்துணியால் துடைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். ரோஜா நிறத்துக்கு மட்டும் நான் சாயம் சேர்ப்பதில்லை. கேக்கில் எரிந்த இளஞ்சிவப்புப் பிறந்தநாள் மெழுகுவர்த்திகளை வெள்ளை மெழுகோடு உருக்கித்தான் அந்த நிறம் வர வேண்டும் என்பது மகளின் ஏற்பாடு. நேற்று உருக்கிப் பார்த்தபோது நிறம் வெளிறியே இருந்தது, அளவும் டம்ளரில் இரண்டு விரல் குறைந்தது. அவளுடைய பிறந்தநாள் 21ஆம் தேதி வருகிறது. அதுவரை டம்ளரை ஒரு தட்டால் மூடி வைத்திருக்கிறோம்.