முதல் உயரத்திலேயே வெளியே

ஆகஸ்ட் 4, 2024

ஆடி அமாவாசை, காரைக்குடியில் மைதானம் காலி. நேற்று போல் வால்ட் (கம்பூன்றித் தாண்டுதல்) மீட்டில் அக்கா மகள் 3 மீட்டரில் ஆரம்பித்து, மூன்று வாய்ப்பிலும் பாரைத் தட்டிவிட்டு, ‘நோ ஹைட்’ (எந்த உயரமும் தாண்டவில்லை என்ற முடிவு) வாங்கிக்கொண்டு வந்தாள். பயிற்சியில் சாதாரணமாகத் தாண்டுகிற உயரம்தான். 2.60-இல் ஒன்று தாண்டிவிட்டு மேலே போயிருக்கலாம், ஆனால் மற்றப் பிள்ளைகள் முன்னால் சின்ன உயரத்தில் தொடங்க ரோசம். கம்புகளை வழக்கம்போல ஆச்சி வீட்டில் இறக்கினோம். அவ்வளவு நீளக் கம்பை வேறு எந்த வீட்டில் படுக்க வைப்பது? அந்த வளவில் சுவரோரம் போட்டாலும் இடம் மிச்சம்.

“பந்தக்கால் மாதிரி இருக்கே, யாருக்குப்பா கல்யாணம்?” என்றார்கள் ஆச்சி. இவள் சிரிக்கவே இல்லை. “இனிமே போல் வால்ட் பண்ண மாட்டேன் மாமா.”

ஆகஸ்ட் 5

இன்று அவளுக்கு இசின்பயேவா கதை. ரஷ்யாவின் வோல்கோகிராட்காரி, சின்ன வயதில் ஜிம்னாஸ்டிக்ஸ், உயரம் கூடிப்போனதால் 15 வயதில் கம்பைப் பிடித்தவர். 2004 ஏதென்ஸில் தங்கம், 2005 ஜூலையில் லண்டனில் 5 மீட்டர் (பெண்களில் முதல் ஆள்), 2008 பெய்ஜிங்கில் 5.05 தாண்டி இன்னொரு தங்கம். இதெல்லாம் அவளுக்கே தெரியும். தெரியாதது 2009 ஆகஸ்ட் 17, பெர்லின் உலகப் போட்டி. மற்றவர்கள் தாண்டிக்கொண்டிருக்க இவர் காத்திருந்து 4.75-இல் இறங்கினார், தட்டிவிட்டார், மிச்ச வாய்ப்பை 4.80-க்குத் தள்ளினார், அங்கேயும் இரண்டு தடவை தட்டல். தொடர்ந்து மூன்று தவறினால் ஆட்டம் முடிந்தது, எந்தெந்த உயரத்தில் என்பதெல்லாம் கணக்கில்லை. 5.05 தாண்டியவருக்கு நோ ஹைட்! அன்றைக்குத் தங்கம் போனது வெறும் 4.75-க்கு.

அப்புறம் 11 நாள் கழித்து சூரிச்சில் 5.06. இன்றுவரை அதை யாரும் தொடவில்லை.

“11 நாள்தானா?” என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

ஆகஸ்ட் 6

ராத்திரி ஒன்றரை மணிக்கு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வீடனின் டியூப்ளாண்டிஸ் 6.25. தங்கம் உறுதியான பிறகு மூன்றாவது வாய்ப்பில் உலக சாதனை, பார்த்துவிட்டு எங்கே தூங்குவது. பையன் வீட்டுக் கொல்லையிலேயே விழுவதற்கு மேட் (மெத்தை) போட்டுத் தாண்டி வளர்ந்தவன். நம் ஊரில் வீடு பெரிசாகத்தான் இருக்கிறது, மேட் விலையைக் கேட்டால்தான் தலை சுற்றுகிறது.

காலையில் இவள் அந்தக்கால சோவியத், உக்ரைன் வீரர் புப்கா பற்றிக் கேட்டாள், நல்ல அறிகுறி. 35 உலக சாதனை, தொடர்ந்து 6 உலகப் பட்டம், ஒலிம்பிக் தங்கம் ஒன்றே ஒன்று, 1988 சியோல். 1992 பார்சிலோனாவில் 5.70-இல் இரண்டு தவறல், 5.75-இல் ஒன்று, பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். 2000 சிட்னியிலும் தகுதிச்சுற்றில் ஒன்றும் தாண்டவில்லை. என்னைக் கேட்டால் ஆரம்ப உயரத்தைத் தேர்ந்தெடுப்பதே இந்த விளையாட்டில் பாதித் திறமை, அதை யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதில்லை.

ஆகஸ்ட் 8

மழை. கம்போடு ஓடிவரும் செம்மண் ரன்-அப் சேறு.

ஆகஸ்ட் 11

வந்தாள். 2.60 வைக்கச் சொன்னேன், 2.80 என்றாள், கொஞ்ச நேரம் வாக்குவாதம், 2.70-க்கு ஒத்துக்கொண்டாள். முதல் வாய்ப்பிலேயே தாண்டினாள். ஆனால் இடுப்பு இன்னும் தாமதமாகத்தான் மேலே ஏறுகிறது, ஊன்றும்போது இடது கை மடங்குகிறது, நாளையிலிருந்து அந்த வேலை. அடுத்த மீட் மதுரையில். வேன் மேலே கம்பு கட்ட மாட்டேன் என்கிறார் டிரைவர், வேறு வண்டி பார்க்க வேண்டும்.