இரவில் காரைப் படமெடுக்கும்போது ஒளியை எங்கே வைப்பது

இரவில் காரைப் படமெடுக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் விளக்கின் திறனைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறார்கள். அந்த விளக்கு எவ்வளவு நீளமானது, காரின் எந்தப் பக்கத்தில், எந்த உயரத்தில் நிற்கிறது என்பவற்றையே நான் முதலில் கவனிப்பேன். காரின் வண்ணப்பூச்சுக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் ஏறக்குறைய கண்ணாடியைப் போலவே ஒளியைத் திருப்பி அனுப்புவதால், படத்தில் நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி சுற்றியுள்ள பொருள்களின் பிரதிபலிப்புதான். கறுப்புக் காரில் இது அப்பட்டமாகத் தெரியும். பிரதிபலிக்க எதுவும் இல்லாத இடத்தில் அதன் கதவும் பானெட்டும் இருட்டோடு இருட்டாகக் கலந்துவிடும். வெள்ளைக் கார் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதால், அதில் ஒளியமைப்பின் குறைகள் அவ்வளவாக வெளியே தெரிவதில்லை.

கேமராவின் மேலே பொருத்திய ஃபிளாஷ் இங்கே உதவாததற்கும் இதுவே காரணம். ஒளியை வந்த திசைக்கே திருப்பும் பூச்சுள்ள நம்பர் பிளேட் மட்டும் அதில் பளீரென்று எரியும். சாய்ந்தும் வளைந்தும் இருக்கும் மற்றப் பரப்புகள் அந்த ஒளியை வேறெங்கோ அனுப்பிவிடும். ஒளி எந்தக் கோணத்தில் படுகிறதோ அதே கோணத்தில்தான் திரும்பும் என்ற பள்ளிப்பாடத்தை மனத்தில் வைத்து, கேமராவிலிருந்து பார்க்கும்போது காரின் ஒவ்வொரு பரப்பும் எந்தத் திசையைப் பிரதிபலிக்கிறது என்று கண்டுபிடித்தால், விளக்கை வைக்க வேண்டிய இடம் தானாகவே தெரிந்துவிடும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. விளக்கைத் தள்ளி வைத்தால் தரையிலும் டயரிலும் விழும் ஒளி குறைகிறது. ஆனால் வண்ணப்பூச்சில் தெரியும் பிரதிபலிப்பு அளவில் சிறியதாகிறதே தவிர, அதன் பிரகாசம் மாறுவதில்லை. தரை அதிகமாக வெளுத்துத் தெரிகிறதென்றால், விளக்கின் திறனைக் குறைப்பதற்கு முன் அதைச் சற்றுப் பின்னால் நகர்த்திப் பார்ப்பது நல்லது.

ஒரு காரின் நீளம் பெரும்பாலும் நான்கு மீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும்; அதை முழுவதும் தழுவும் அளவுக்குப் பெரிய விளக்கு எல்லோரிடமும் இருக்காது. ஒரு மீட்டர் நீளமுள்ள எல்இடி டியூப்பை நீண்ட எக்ஸ்போஷரின்போது, அதாவது கேமராவின் ஷட்டர் பல நொடி திறந்தே இருக்கும்போது, நகர்த்தியே அந்தப் பெரிய விளக்கை உருவாக்கிவிடலாம் என்பதால்தான், லைட் பெயின்டிங் எனக்கு மிகவும் பிடித்த முறையாக இருக்கிறது. கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் துளை அளவு) எஃப் 8, ஷட்டர் 15 முதல் 30 நொடி என்று தொடங்கலாம். ஷட்டர் திறந்திருக்கும்போது டியூப்பைப் படுக்கைவாட்டில் பிடித்துக்கொண்டு, பானெட்டிலிருந்து டிக்கி வரை ஒரே வேகத்தில், காரின் பக்கவாட்டுக்கு இணையாக நடக்க வேண்டும். கை ஏறி இறங்கினால் பிரதிபலிப்புக் கோடும் நெளியும். புத்தம் புதிய கதவுகூடப் படத்தில் நசுங்கியதைப் போலத் தோன்றும். கேமராவுக்கும் காருக்கும் நடுவே நடப்பவர் மங்கலான கறுப்பு உடை அணிந்து, எங்கும் நிற்காமல், விளக்கின் பின்புறத்தை முழுவதும் மறைத்துக்கொண்டு நடந்தால், அவர் படத்தில் பதிவதில்லை.

எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்போஷரில் முடிக்க முயல்வதை நான் பரிந்துரைப்பதில்லை. பக்கவாட்டுக்கு ஒன்று, கூரைக்கோட்டுக்கு ஒன்று, தாழ்வாக விளக்கைப் பிடித்துச் சக்கரங்களுக்கு ஒன்று என்று தனித்தனியாக எடுத்து, பிறகு கணினியில் லேயர்களாக அடுக்கி, ஒவ்வொரு இடத்திலும் அதிகப் பிரகாசமான லேயரையே காட்டும் லைட்டன் முறையில் இணைத்தால் ஒவ்வொரு பகுதியின் ஒளியையும் தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். அதற்குக் கேமரா இம்மியும் அசையக் கூடாது. ரிமோட் வேண்டும், இல்லையென்றால் 2 நொடி டைமரே போதும்.

லென்ஸின் முன்னால் பொருத்தித் திருப்பக்கூடிய போலரைசர் ஃபில்டர் விண்ட்ஷீல்டிலும் கிளியர் கோட்டிலும் விழும் தேவையற்ற பிரதிபலிப்பைக் குறைக்கும், ஆனால் குரோம் பாகங்களில் அதனால் பெரிய பயன் இல்லை. விண்ட்ஷீல்டுக்குப் பொருந்தும் திருப்பம் கதவுக்குப் பொருந்தாது என்பதால், இரண்டுக்கும் ஃபில்டரை வெவ்வேறு விதமாகத் திருப்பித் தனித்தனிப் படங்கள் எடுக்க வேண்டியிருக்கும். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது) ஒளி குறையும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நிறத்தைப் பொறுத்தவரை, ஒளியின் நிறத்தைக் கெல்வின் அளவில் சொல்வார்கள், எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகும். ஹாலஜன் விளக்கு ஏறக்குறைய 3200 கெல்வினிலும், மஞ்சள் சோடியம் தெருவிளக்கு 2000 கெல்வினை ஒட்டியும் இருப்பதால், இரண்டும் ஒரே காரில் விழும்போது ஒயிட் பேலன்ஸை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் கேமரா அமைப்பை) ஒன்றுக்குச் சரிசெய்தால் மற்றொன்று கெடும். முடிந்தால் தெருவிளக்கு எட்டாத இடத்தைத் தேர்ந்தெடுப்பதே மேல். நள்ளிரவைவிட, சூரியன் அடிவானத்துக்குக் கீழே 4 முதல் 6 பாகை வரை இறங்கியிருக்கும் அந்தச் சில நிமிடங்களையே நான் விரும்புகிறேன். அப்போது வானம் முழுவதும் ஒரே மென்மையான விளக்காகி, கூரையின் வளைவையும் பானெட்டின் மடிப்புகளையும் எந்தச் செயற்கை விளக்காலும் முடியாத அளவுக்கு நிதானமாக வரைந்து காட்டுகிறது. அந்தப் படத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டு, கேமராவை அப்படியே விட்டு, நன்கு இருட்டிய பிறகு லைட் பெயின்டிங்கைத் தொடரலாம்.

ஹெட்லைட்டை 30 நொடியும் எரியவிட்டால் அதன் உள்ளமைப்பு முழுவதும் வெள்ளைத் திட்டாகிவிடும். பார்க்கிங் லைட்டை மட்டும் ஓரிரு நொடி போட்டு அணைப்பது போதுமானது. பின்விளக்கின் சிவப்பு மிகுதியான எக்ஸ்போஷரில் மஞ்சளாக வெளுத்துவிடும் என்பதால், சிவப்பு சிவப்பாகவே தெரியும் வரை ஷட்டர் நேரத்தைக் குறைத்து அதற்கென்று ஒரு படம் எடுக்க வேண்டும். விளக்கைப் போடுவதற்காக ஒருவர் காருக்குள் ஏறி அமர்ந்தால் சஸ்பென்ஷன் சில மில்லிமீட்டர் தாழ்ந்துவிடும், பிறகு லேயர்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. ஆகையால் சாவியின் ரிமோட்டிலேயே விளக்கைப் போட முடியாத காராக இருந்தால், இந்தப் படங்களைக் கடைசியில் எடுத்து, விளக்குகள் இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி இணைப்பதுதான் சரியான வழி.