கான்ட்ராஸ்ட் போடாத ஸ்கேனில் கறுத்த கல்லீரல்

எம்.ஆர்.ஐ. அறையில் நான் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் கான்ட்ராஸ்ட் (படத்தில் வித்தியாசம் தெரிய உடம்பில் ஏற்றும் மருந்து) என்றால் கடோலினியம்தான். ஊசி போனதும் படத்தில் ரத்தக்குழாய் வெளுக்கும், கட்டி வெளுக்கும். வெளுத்த இடத்தைத் தேடியே பழகிய கண் எனக்கு.

அன்று வந்த அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுது. கடோலினியத்துக்கும், சிறுநீரகம் கெட்டவர்களின் தோலை இறுக வைக்கும் ஒரு நோய்க்கும் தொடர்பு இருப்பது 2006இல் தெரியவந்ததிலிருந்து, இப்படிப்பட்டவர்கள் வந்தாலே எங்களுக்குக் கை நடுங்கும். அதனால் ஊசி இல்லாமல் கல்லீரல் ஸ்கேன் மட்டும்.

நீர் வெள்ளையாகத் தெரியும் டி2 வகைப் படம் திரையில் வந்தது. கல்லீரல் கரிக்கட்டை மாதிரி இருந்தது. மண்ணீரலும் அப்படித்தான். உடம்பின் மேல் வைத்து சிக்னல் வாங்கும் காயிலைச் சந்தேகப்பட்டேன். கழற்றி மாட்டி மறுபடி எடுத்தேன். அதே கரி. ரேடியாலஜிஸ்டைக் கூப்பிட்டேன். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "உடம்பில இரும்பு எக்கச்சக்கமா இருக்கு. போய்க் கேளுங்க" என்றார்.

"அம்மா, சமீபத்தில ரத்தம் ஏத்தினாங்களா?"

"ரத்தமெல்லாம் இல்ல தம்பி. ரத்தசோகைக்குன்னு மருந்து ஏத்தினாங்க. ஒரு மாசம் இருக்கும். கருப்பா இருந்துச்சு."

பழைய சீட்டில் இருந்த பெயர் ஃபெருமாக்சிடால். 510 மில்லிகிராம், இரண்டு தடவை.

2009இல் அமெரிக்காவில் சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கென்று அனுமதி பெற்ற மருந்து அது. உள்ளே இருப்பதோ சர்க்கரைப் பூச்சு போட்ட இரும்பு ஆக்சைடு நானோ துகள்கள். கல்லீரலில் குப்ஃபர் செல்கள் என்று உண்டு. ரத்தத்தில் வரும் வேண்டாத துகள்களை விழுங்குவதுதான் அவற்றின் வேலை. இதையும் விழுங்கிவிடும். காந்தத்துக்குள் படுத்ததும் ஒவ்வொரு துகளும் குட்டிக் காந்தமாகி, சுற்றியுள்ள நீரின் சிக்னலைக் கெடுத்துவிடும். மூன்று மாதம் வரை எம்.ஆர்.ஐ. படம் மாறலாம் என்று மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. அதை எங்கள் அறையில் யார் படித்தோம்?

இந்த வித்தை புதிதும் அல்ல. 1996இலேயே அமெரிக்காவில் ஃபெரிடெக்ஸ் என்ற இரும்புத் துகள் கான்ட்ராஸ்டுக்கு அனுமதி கிடைத்தது. நல்ல கல்லீரல் கறுக்கும். குப்ஃபர் செல் இல்லாத கட்டி மட்டும் வெள்ளையாக நிற்கும். விற்பனை ஓடவில்லை, கடையைக் கட்டிவிட்டார்கள். எனக்கு இன்றும் அதில் வருத்தம்தான்.

அப்புறம் அந்தப் படத்தை ரேடியாலஜிஸ்ட் திரும்பத் திரும்ப ஓட்டினார். கறுப்புக்கு நடுவே பளிச்சென்று ஒரு புள்ளி. "நாம போடாத கான்ட்ராஸ்ட் நமக்கு வேலை செய்யுது பாருங்க" என்றார். கட்டியாகவும் இருக்கலாம், நீர்க்கட்டியாகவும் இருக்கலாம். அல்ட்ராசவுண்டில் பார்த்தோம். நீர்க்கட்டிதான்.

பிறகு, சிறுநீரகம் மோசமான சிலருக்கு ரத்தக்குழாய் பார்க்க இதே மருந்தைத் தெரிந்தே போட்டிருக்கிறோம். கடோலினியம் என்றால் அது ரத்தக்குழாயில் ஓடும் நேரத்துக்குள் படம் எடுக்க நொடிக் கணக்கில் துரத்த வேண்டும். இது மணிக்கணக்கில் ரத்தத்தில் நிற்பதால் நிதானமாக எடுக்கலாம். ஆனால் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று 2015இல் அமெரிக்காவில் மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டிய எச்சரிக்கை வந்தது. அதனால் மெதுவாகத்தான் ஏற்றுவோம், பக்கத்திலேயே நிற்போம்.

எங்கள் படிவத்தில் பேஸ்மேக்கர், உலோகம், கர்ப்பம் எல்லாம் கேட்டிருந்தது. அதன் அடியில் அன்று நான் பேனாவால் எழுதிய வரி இப்போது அச்சில் வருகிறது: "கடந்த 3 மாதத்தில் இரும்பு மருந்து ஏற்றினார்களா? மருந்தின் பெயர் என்ன?"